காப்புக்குத் துணி சுற்றிய வீடு

ஓடுகிறாள். ஏழு மாத வயிற்றை இரு கையாலும் தாங்கிக்கொண்டு என் மகள் ஓடுகிறாள். கொல்லைப் படல் திறந்து கிடக்கிறது. படலைத் தாண்டினால் தண்டவாளம். கிள்ளானிலிருந்து வரும் சரக்கு வண்டி வளைவில் ஊதுகிறது. நீளமாக ஒன்று. குறுக்கி இரண்டு.

"தண்டவாளம்! சௌந்தரம், தண்டவாளம்!"

"ஏய், புடிங்க அந்தப் புள்ளய!"

என் கால் சேலையில் தடுக்குகிறது. அவள் முந்தானை என் கைக்கு வருகிறது. நழுவுகிறது. மறுபடி வருகிறது. இழுத்தேன். இருவரும் சரளைக் கல்லில் சரிந்து உட்கார்ந்தோம். வண்டி போகிறது. பெட்டி பெட்டியாக. கல் அதிர்கிறது. என் கை அவள் வயிற்றின்மேல். அசைவில்லை.

1938. பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குடியிருப்பு. நல்ல பகல். வளைகாப்பு நாள். அவளை யாரும் துரத்தவில்லை. செந்தூலிலிருந்து வந்த சம்பந்தி அஞ்சலை கண்ணாடி வளையல் கட்டைப் பிரித்தார். பித்தளைத் தட்டில் கொட்டினார். சலசலவென்று விழுந்தன. அவ்வளவுதான் நடந்தது.

பெண்கள் படலோரம் கூடிவிட்டார்கள். அஞ்சலைக்கு மூச்சு வாங்குகிறது. வாய் நிற்கவில்லை.

"நல்லா வளத்தீங்க சம்பந்தியம்மா. எங்கூட்டுக்கு வந்த நாளா பாக்குறேன். கரண்டி விழுந்தாலும் வாசலுக்கு ஓடுறா. இப்ப ரயிலுக்குக் கழுத்தக் குடுக்கப் பாத்தா. உள்ள இருக்கிறது எந்த எம்டனோ!"

இரண்டு பேர் சிரித்தார்கள். எம்டன். ஜெர்மன்காரனின் போர்க்கப்பல். இன்று அடங்காத பிள்ளையைக் கொஞ்சித் திட்டுகிற சொல். என் வீட்டில் மட்டும் யாரும் அதைச் சொன்னதில்லை.

சௌந்தரம் என் பக்கம் திரும்புகிறாள். "ஏம்மா ஓடுனேன்? எனக்கே தெரியல. சத்தம் கேட்டா காலு தன்னால போவுது. புள்ளயக் கொன்னுடுவேனோன்னு பயமா இருக்கும்மா."

அவளுக்குப் பத்தொன்பது வயது. குண்டு விழுந்து பார்த்தவள் இல்லை. பார்த்தவள் நான்.

சொன்னேன். அந்தச் சரளையில் உட்கார்ந்தபடியே. முதல் தடவையாக.

28 அக்டோபர் 1914. பினாங்கு. இன்னும் விடியவில்லை. எனக்குப் பதினான்கு. துறைமுகத்தை ஒட்டி வீடு. முதலில் வெளிச்சம். பிறகு ஓர் அடி. காதில் இல்லை, நெஞ்சில். பிறகு எம்டனின் பீரங்கி. டும். டும். டும். நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் பிளக்கிறது. "படுங்க! படுங்க!" தெருவில் யாரோ அலறுகிறார்கள். எதிர்க் கிடங்கின் கண்ணாடிகள் உடைந்து கொட்டுகின்றன. சலசலசல. ஓயாத சத்தம்.

என் அண்ணன் கதிரேசன் சம்பான் படகில் காய்கறி ஏற்றிக்கொண்டு கப்பல் பக்கம் போயிருந்தான். அப்பா கரைக்கு ஓடினார். பின்னால் நான். புகை. எண்ணெய் நாற்றம். தண்ணீருக்குள்ளிருந்து ஆட்கள் கூப்பிடுகிறார்கள், எந்தெந்த மொழியிலோ. நான் அழுதேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாத! அவன் கூப்புடுறான், கேக்க வுடு!"

கண்ணாடி கொட்டிக்கொண்டே இருந்தது. எதுவும் கேட்கவில்லை.

அந்த வருஷமே ரயிலேறினோம். கிள்ளான். பிறகு இங்கே. அப்பா வீட்டின் வாயை அடைத்தார். பாத்திரத்துக்கு அடியில் சாக்கு. அம்மா வளையலைக் கழற்றினாள், புருஷன் உயிரோடு இருக்கும்போதே. ஊர் என்னென்னவோ பேசியது. என் கல்யாணத்தில் கைக்கு ஒரே காப்பு. இரண்டு இருந்தால் மோதுமே. அந்த ஒன்றுக்கும் துணி சுற்றினோம். சௌந்தரத்துக்கும் அப்படியே. ஏதாவது விழுந்து உடைந்தால் அப்பா கொல்லைக்கு ஓடுவார். தண்டவாளத்தோரம் நின்று காது கொடுப்பார். நடை பழகிய நாளிலேயே இவள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவர் போன பிறகும் ஓடினாள்.

"தாத்தா பயந்துகிட்டு ஓடுறாருன்னுல்ல நெனச்சேன்."

"பயமில்லடி. கேக்கப் போனாரு. ஒன் மாமா கூப்புடுறானான்னு."

அஞ்சலை பட்டுச் சேலையோடு சரளையில் இறங்கி எதிரே உட்கார்ந்தார். தட்டை யாரோ கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வளையலுக்கும் நடுவே முந்தானையை வைத்து, ஓசை எழாமல் ஒன்றை எடுத்தார்.

"ஒண்ணு போடுறேன். சத்தம் வராது. வேணாம்னா வாயத் தொறந்து சொல்லு. ஒங்கம்மா மாதிரி ஊமக்கோட்டானா இருக்காத."

ஒன்று ஏறியது. இரண்டாவது முதலாவதைத் தொட்டது. சௌந்தரத்தின் தோள் தூக்கிப் போட்டது. கால்விரல்கள் கல்லைக் கவ்வின. நான் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்தேன். எழுந்துவிடுவாள். இதோ எழுகிறாள்.

எழவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். அப்பா கேட்டது மாதிரியே.

"மாமா இல்லம்மா," என்றாள். "வளையல்தான்."

பிறகு மாமியாரைப் பார்த்தாள். "இன்னொண்ணு போடுங்க அத்தே."

மூன்றாவது ஏறியபோது என் உள்ளங்கைக்கு அடியில் வயிறு புரண்டது. உதைத்தது. மறுபடி உதைத்தது.

"ஆத்தாடி, இருக்குது!" என்று அஞ்சலை கத்தினார். கத்திவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்றும் ஓடுகிறாள். வாசல்வரை. அங்கே நின்று வளையல் கையை ஒரு தடவை ஆட்டிக் கேட்கிறாள். திரும்பி வருகிறாள். நேற்று என் கையிலும் வளையல் ஏற்றினாள். எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. கழற்றவும் இல்லை.

பத்திரிகைகளில் மறுபடி போர்ப் பேச்சு. எத்தனை கப்பல், எத்தனை பீரங்கி என்று போடுகிறார்கள். என் வீட்டில் ஒரு விடியலில் போனது இவ்வளவு.

அண்ணன் கதிரேசன். வயது பதினேழு. உடல் கிடைக்கவில்லை. அவன் சம்பான். அப்பாவின் தூக்கம், அவர் சாகும்வரை. அம்மாவின் இரண்டு கைகள். என் இரண்டு கைகள். சௌந்தரத்தின் சிறு வயது முழுவதும்.

வயிற்றில் இருப்பதைச் சேர்க்கவில்லை. அது இதுவரை எதையும் இழக்கவில்லை.