தட்டின் மடிப்பு

ரொட்டியின் ஓரம் மொறுமொறுவென்று பொன்னிறமாக வர வேண்டுமானால், மாவைவிடத் தட்டைத்தான் கவனிக்க வேண்டும். வெண்ணெய் போட்டு, ஓவனில் பத்து நிமிடம் நன்றாகக் காய விடுங்கள். வெளியே எடுத்துச் சாய்த்து, நாலு மூலைக்கும் வெண்ணெயை ஓட விட்டு, அதன் பிறகு மாவை ஊற்றுங்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி பதினெட்டு வருஷமாக என் கைவேலை. மூலைத் துண்டு நாலுதான். அதற்கு நடக்கிற சண்டையைப் பார்க்க வேண்டுமே. மாமியார் என்னை வாய் திறந்து மெச்சியதில்லை. ஆனால் மூலைத் துண்டைக் கடித்ததும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அது போதும்.

கொழுந்தன் மனைவி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தையல் கடையில் பித்தான் துளை தைப்பவள். ஊசியில் நூல் கோக்க இரண்டாம் முறை முயன்று நான் பார்த்ததில்லை. அவள் சிரித்தால் வீடே சேர்ந்து சிரிக்கும். என் மகள் சித்தி சித்தி என்று அவள் பின்னாலேயே திரிவாள். ஒரு நாள் மாமியார் சொன்னார்: "அடுத்த வாரம் சின்னவ சுடட்டும். பெரியவளும் எத்தனை நாளைக்குத்தான் அடுப்புல வேகுவா?" அக்கறையாகத்தான் சொன்னார்.

"அக்கா, ஓரம் கருகினா உங்க பேரைச் சொல்லிடுவேன், பரவாயில்லையா?" என்று அவள் வந்து நின்றாள்.

"தாராளமா சொல்லு," என்றேன்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றைத் தவிர. அந்தத் தட்டின் விளிம்பு சுருட்டி மடித்தது. கழுவினால் இடுக்கில் தண்ணீர் நின்றுவிடும். நான் எப்போதும் கவிழ்த்துக் காய வைத்துத்தான் எடுப்பேன். இல்லாவிட்டால் வெண்ணெய் இடுக்கை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளேயே கொதித்துக்கொண்டு காத்திருக்கும்.

அவள் சொன்னபடியே செய்தாள். தட்டை எடுத்தாள், மூலைகளைப் பார்க்கக் குனிந்தாள், சாய்த்தாள். இடுக்கிலிருந்து கொதிக்கும் வெண்ணெய் வெடித்து முகத்தில் தெறித்தது. போனது வலது கண்.

மருத்துவமனையில் கட்டோடு படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "நீங்க சரியாத்தான் சொன்னீங்கக்கா. எனக்குத்தான் பக்குவம் போதல." எல்லோரும் என்னைத் தேற்றினார்கள், மாமியார்கூட.

இப்போது அவள் கடைக்குப் போவதில்லை. சில நாள் ஊசியை எடுத்து நூலைக் கொண்டுபோவாள், குறி தப்பும். நான் வாங்கிக் கோத்துக் கொடுப்பேன். "நீங்க இல்லேன்னா என்ன பண்ணுவேன்க்கா" என்பாள். அந்த நேரத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

மறந்துவிட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். மறக்கவில்லை. அன்று காலை தட்டைக் கழுவியது நான். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் அசைந்தது. அப்படியே அவள் கையில் கொடுத்தேன்.

ரொட்டி கெடட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. ஆனால் அவள் ஓவனைத் திறக்கக் குனிந்தபோது, பக்கத்தில் நின்ற என் மகளைக் கூப்பிட்டு வாசலுக்கு அனுப்பினேன்.