பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஒரு தொட்டி

குலசாமி கோயில் பந்தலில் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் வெள்ளைச்சாமி ஐயா அவர்களே! பேத்தியின் புதுத் தோட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கும் என் மாமனார் அரியமுத்து அவர்களே! கை வெற்றிலை மடித்தாலும் கண்ணை என் மேலேயே வைத்திருக்கும் என் மாமியார் பொன்னாயி அவர்களே! ரஞ்சன்குடியிலிருந்தும் பாடாலூரிலிருந்தும் பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கும் பங்காளிகளே, சம்பந்திகளே! அடுப்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கும் தாய்மார்களே! காது குத்தும்போது போட்ட கூச்சலில் ரஞ்சன்குடிக் கோட்டை வரைக்கும் சேதி அனுப்பிய எங்கள் குட்டி வெற்றிச்செல்வியே! உங்கள் எல்லோருக்கும் ராசாத்தியின் வணக்கம்.

இந்த மைக்கைப் பிடித்துத் தாய்மாமன் பேச வேண்டும். அதுதான் முறை. மூத்த தாய்மாமன், என் வீட்டுக்காரர், போன வருஷம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வருஷம் திரும்பட்டும் என்றுதான் இந்தக் காதுகுத்தும் காத்திருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாமன் கலைச்செல்வன் இருந்தார். பேசச் சொன்னால், "அண்ணி, மைக்கைப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது, நீங்களே பேசிடுங்க" என்று கையில் திணித்துவிட்டுப் பந்தி பார்க்கப் போய்விட்டார். நான் அஞ்சாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் தள்ளுங்கள், நல்லது இருந்தால் அள்ளுங்கள்.

தாய்மாமன் வீடு சீர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டோம். ஆனால் நான் இன்றைக்குக் கேட்கவும் வந்திருக்கிறேன். எதைக் கேட்கப் போகிறேன்? நகையா? நிலமா? பிள்ளையைப் பெற்ற என் நாத்தனார் ஜெயசித்ரா வீட்டுக் கறவை மாடா? முறைக்காத ஜெயா, மாடு ஒனக்கே இருக்கட்டும். நான் கேட்பது, இரண்டு மீனுக்கு இடம்!

சிரிங்க, நல்லா சிரிங்க. சிரிச்சு முடிச்சதும் சொல்றேன்.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டியவர். எங்கள் மகள் தமிழ்மொழி ஆசைப்பட்டாள் என்று பெரம்பலூர் டவுனில் மூன்று தங்கமீன் வாங்கி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுக் கொண்டுவந்தார். பெரியதுக்குப் பெரம்பலூர் என்று பேர். அடுத்ததுக்கு அரியலூர், நான் பிறந்த ஊர். இரண்டுக்கும் நடுவில் ஓடிய பொடிசுக்குப் பாடாலூர். "ஜில்லாவைப் பிரிச்சாங்க, சேத்தாங்க, மறுபடி பிரிச்சாங்க. நம்ம வூட்டுல மட்டும் பிரிக்க முடியாது பாரு" என்று சிரிப்பார்.

அவர் போன பிறகு அந்தக் கிண்ணத்தை அத்தை அவருடைய போட்டோவுக்குக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அது கிண்ணமா? கோயில்! கிண்ணத்துக்குப் பொட்டு, சுற்றி மாலை, மேலே சீரியல் பல்பு. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போட்டோவைக் கும்பிட்டுவிட்டு, "அவரு வளத்த மீனு" என்று ஆளுக்கு ஒரு பிடி பொரி போட்டார்கள். ஒருவர் போட்டாரா? ஊரே போட்டது! இதோ இருக்கிறாரே ராஜதுரை பெரியப்பா, அவர் மிக்சர் போட்டார். "அவனுக்கு மிக்சர்னா உசுரும்மா" என்றார். பெரியப்பா, அவருக்குத்தான் மிக்சர் உசுரு. மீனுக்குமா? கையைத் தட்டாதீங்க, பாவம், அவர் நல்ல மனசோடதான் போட்டார்.

தண்ணீர் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பாருடி ராசாத்தி, எம் மவனப் பாத்துக் கூப்புடுது" என்றார் அத்தை. நானும் நம்பினேன். நம்பியது மட்டுமா? கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதுகளோடு சேர்ந்து நானும் கூப்பிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பாடாலூர் செத்து மிதந்தது. அன்றைக்குப் பூராவும் அத்தை ஒரு வாய் சோறு தொடவில்லை. நான் பஸ் ஏறி டவுன் மீன் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் சொன்னார்: "அக்கா, அது கூப்புடல, மூச்சு முட்டுது. இந்த மீனு ஒரு சாண் வளரும், கிண்ணம் பத்துமா? பெரிய தொட்டில விடுங்க. கொழாத் தண்ணில மருந்து இருக்கும், ரெண்டு நாள் புடிச்சு வெச்சு அப்புறம் விடுங்க. மொதல்ல அந்தப் பொரிய நிறுத்துங்க!"

கூப்பிடவில்லை, மூச்சு முட்டுகிறது! தாய்மார்களே, அந்த வீட்டில் மூச்சு முட்டியது மீனுக்கு மட்டுமா? மாமா டீக்கடைக்குப் போவதை விட்டார். அத்தை டிவி போடுவதை விட்டார். என் மகள் சத்தமாகச் சிரிப்பதை விட்டாள்.

மாற்றலாம் அத்தை என்று மூன்று தடவை கேட்டேன். "எம் மவன் வாங்கியாந்தத நவுத்தாத" என்று மூன்று தடவையும் ஒரே பதில். இன்னொரு மீன் போனால் இவர் தாங்குவாரா? அதனால்தான் சபையில் கேட்கிறேன்.

அத்தை, கிண்ணம் அவர் வாங்கியது. சரி. கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியது யார்? வீடு கட்டி மீந்த சிமெண்டில், கொத்தனார் வேண்டாம் என்று தானே பூசியது யார்? ஒரு பக்கம் கோணலாகப் போய், "என்னடா, தொட்டி தூங்கி வழியுது" என்று நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, மறந்துபோச்சா? மாட்டை விற்ற நாளிலிருந்து அது காய்ந்து கிடக்கிறது. கிண்ணம் கடைக்காரன் கொடுத்தது, தொட்டி உங்கள் மகன் கட்டியது! எதில் அத்தை அவர் கை இருக்கிறது? எதில் அவர் வேர்வை இருக்கிறது?

போட்டோ அங்கேயே இருக்கட்டும். மாலை இருக்கட்டும். சீரியல் பல்பு இருக்கட்டும். பெரம்பலூரும் அரியலூரும் மட்டும் நீந்தட்டும்! முந்தாநாளே தொட்டியைத் தேய்த்துத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன். உங்கள் ஒரு வார்த்தைக்குத்தான் அது காத்திருக்கிறது.

என்ன மாமா? கிண்ணத்த நீங்களே தூக்கியாறீங்களா? உக்காருங்க மாமா, அத்தை சொல்லட்டும்.

அத்தை எழுந்திருக்கிறார். கொஞ்சம் அமைதியா இருங்கப்பா, காதுல விழல. என்னங்க அத்தை? "வெயிலு அடிக்குமேடி, மேல கீத்து போட்டியா"ன்னா கேக்குறீங்க?

கேட்டீர்களா சபையோரே! வேண்டாம் என்று சொல்லவில்லை, கீற்று போட்டாயா என்று கேட்கிறார்! போடுறேன் அத்தை, இன்னைக்கே போடுறேன். பந்தல்கார அண்ணே, பிரிக்கும்போது ரெண்டு கீத்து எங்களுக்கு விட்டுட்டுப் போங்க!

இலை போட்டாச்சாம், இனிமேல் பேசினால் சாம்பார் ஆறிவிடும். வயிறார உண்டு, பிள்ளையை மனதார வாழ்த்துங்கள். போகும் வழியில் எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து இரண்டு ஊரையும் பார்த்துவிட்டுப் போங்கள். வெறுங்கையோடு வாருங்கள். பெரியப்பா, ஒங்களத்தான் சொல்றேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் தாய்மாமன் வீட்டின் நன்றி, வணக்கம்!