கழுவிய கரி

ஓமலூரில் சேலம் பஸ் ஏறிய தம்பதி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கணவர் மடியில் நிலக்கரித்தூள் டப்பாக்கள் இரண்டு.

“ஒண்ணுல சோப்பு நுரையா இருந்துச்சு. ரெண்டையுமே கழுவித்தானுங்க காய வெச்சேன்,” என்றாள் மனைவி.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “ரெண்டுலயும் இரும்பு உப்பு கலந்திருந்தேன். அது கரியில நல்லா ஒட்டோணும்னுதான் ஒண்ணுல மட்டும் சோப்பு மருந்து போட்டேன். உப்பு போயிட்டா லேபுல எவ்வளவு சூடு பண்ணுனாலும் கரி எண்ணெயா மாறாது. இன்னைக்கு லேபுல புரொபசருக்கு என்னத்தைக் காட்டறது?”

கருப்பூர் தாண்டியதும் அவர் டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“கழுவுன தண்ணி என்ன நெறத்துல வந்துச்சு?”

“நுரை இல்லாததுல செவப்பா வந்துச்சுங்க. நுரை இருந்ததுல ஒரு நெறமும் வரலீங்க.”

“அப்ப சோப்பு மருந்து போட்ட இதுல, கழுவியும் போகாம உப்பு ஒட்டிக்கிச்சு.” அந்த டப்பாவை அவள் மடியில் வைத்தார். “லேபுக்கு நீயும் வா. கழுவியும் நெறம் வரலைன்னு புரொபசர்கிட்ட நீயே சொல்லு.”