தேநீரை நான் விட்டுக்கொடுத்தேன்

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் கொடுக்கும் தேநீரில் இஞ்சி தாராளமாக இருக்கும். தன்னாமுனையில் வாவிக்கரையோரத் தகரக் கொட்டகைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகவே வருகிறார்கள் என்பது என் கணிப்பு. பாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த ஞாயிறு அந்தத் தேநீரை நான் விட்டுக்கொடுத்தேன். தலைமைச் சபையிலிருந்து விசாரிக்க வந்திருக்கிற ஐயா, மற்றதை எழுதுமுன் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்புப் பசாரில், புடவைக்கடைக்குள் வளர்ந்தவன். வாங்க வந்தவர்களுக்கு முன்னால் விலை பேச எங்களிடம் தனிப் பாஷை இருந்தது. "பெரியப்பாக்குக் காய்ச்சல் எப்படி?" என்று அப்பா கேட்டால், இந்தச் சீலையில் இன்னும் இறங்கலாமா என்று பொருள். "இறங்கல்ல அப்பா" என்று நான் சொன்னால், இனிக் குறைக்க ஏலாது. அவர் சுகமாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்துப் போனவர்கள் உண்டு. எனக்குப் பெரியப்பா என்று ஒருவர் இருந்ததே இல்லை.

சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்கு என்ன மதிப்பு என்பதை அங்கேதான் படித்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன் பாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். ஆவியில் நிறைந்து அந்நியபாஷை பேசுகிறவர்களுக்கு வியாக்கியானம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவர்கள் வாய் திறக்கக் கூடாது. வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். அதில் அடிபட்டது சீதேவிப்பிள்ளை மாமி. கிழமை முழுதும் தெருத்தெருவாய் இறால் விற்கிறவ. ஞாயிறு வந்தால் வலது கையை உயர்த்திக் கண்ணை மூடி, ஒருவருக்கும் விளங்காத பாஷையில் ஆனந்தமாகப் பேசுவா. இரண்டு கிழமை வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. மூன்றாவது ஞாயிறு, இரக்கத்தினால் மட்டும், நான் எழும்பி, "எனக்கு விளங்குது பாஸ்டர். பயப்படாதே எண்டு கர்த்தர் சொல்லுறார்" என்றேன். மாமி என் தலையில் கை வைத்து, "ஓம் மனே, ஓம்" என்று விம்மினா.

அதிலிருந்து அவ பேசுவா, நான் அர்த்தம் சொல்வேன். யார் யாரைக் கட்டுவது, எந்த வளவுக் காணியை விற்கலாம், பாட்டுக்குழுவுக்கு மேளம் தேவையா, எல்லாம் மாமியின் வாயால் வந்து என் வாயால் போயின. எனக்கென்று நான் ஒன்றும் கேட்டதில்லை. சபையிலிருந்த ஒரே மின்விசிறியை என் கதிரைப் பக்கம் திருப்பச் சொன்னவரும் கர்த்தர்தான்.

பக்கத்துக் கடை முகைதீன்பாவா காக்கா இதைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, துறையில உன்ட தோணி மட்டும்தான் நிக்குது. மற்றத் தோணி வரக்குள்ள தெரியும்" என்றார்.

மற்றத் தோணி காகித வடிவில் வந்தது. கொழும்பிலிருந்து பாஸ்டர் ஒரு படிவம் கொண்டுவந்தார். அறுபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால் தேவன் உங்களுக்கு எந்த வரத்தைத் தந்தார் என்று தெரிந்துவிடும். நான் உண்மையாகவே நிரப்பினேன். அது என் பிழை. எனக்கு உபசரிப்பு வரம் என்று வந்தது. சபை வழக்கில் சொன்னால், தேநீர் ஊற்றும் வேலை. வியாக்கியான வரத்தில் ஆகக்கூடிய புள்ளி கம்சாயினிக்கு. தாதிப் பயிற்சியில் இருக்கிற பிள்ளை, இருபத்திரண்டு வயது.

"எனக்கு ஒரு பாஷையும் விளங்காது பாஸ்டர்" என்றாள்.

"படிவம் பொய் சொல்லாது புள்ள" என்றார் பாஸ்டர். அடுத்த மாதத்திலிருந்து அவள் வியாக்கியானம், நான் தேநீர்க் கேத்தில் என்று அறிவித்தார்.

நீங்கள் கேட்கிற ஞாயிறு, வியாக்கியானம் சொல்ல எனக்குக் கடைசி ஞாயிறு.

மாமி வழக்கம்போல் தொடங்கினா. கொஞ்ச நேரத்தில் உயர்த்திய வலது கை மெல்ல இறங்கியது. வாய் ஒரு பக்கமாய்ப் போனது. சொற்கள் குழைந்தன. இடது கையால் என் சேட்டுக் கொலரைப் பிடித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினா. சபை இதற்குமுன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அல்லேலூயாச் சத்தத்தில் தகரம் அதிர்ந்தது.

நான் வியாக்கியானம் சொன்னேன். "நான் நியமிச்ச வாயை மனுஷர் மாத்த வேண்டாம் எண்டு கர்த்தர் சொல்லுறார். நான் பிடிச்சவனை விடமாட்டன் எண்டு சொல்லுறார்." அவ சேட்டைப் பிடித்திருந்தது இதற்கு நன்றாகப் பொருந்தியது.

கம்சாயினி ஓடிவந்தாள். "பாஸ்டர், மாமிக்கு வாய் இழுக்குது. பாரிசவாதம். இப்பவே ஆசுபத்திரிக்குக் கொண்டு போவணும்."

"இது வியாக்கியானமா புள்ள, உன்ட அபிப்பிராயமா?"

"நான் வாயத்தான் பாக்கிறன் பாஸ்டர்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் நான் முரண்டு பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முரண்டு பிடிக்கிறவன் வியாபாரியே இல்லை. அவள் 'இப்பவே' என்றாள். நான், பிரசங்கம் முடிந்து, காணிக்கை எடுத்து, ஆசீர்வாதம் சொல்லி, தேநீரும் குடித்த பிறகு என்றேன். "ஒவ்வொரு நிமிசமும் மூளை சாகுது, உங்களுக்கு விளங்குதா?" என்றாள். நான் காணிக்கையை விட்டேன். அவள் மாமியைத் தூக்கப் பார்த்தாள், ஒருவரும் கைகொடுக்கவில்லை. அழுதாள். "சரி, பிரசங்கத்தையாவது விடுங்க" என்றாள். அவள் இறங்கிவிட்டாள் என்று அப்போது தெரிந்தது. பிரசங்கத்தைப் பாதியாக்கினேன். ஆசீர்வாதத்தில் மட்டும் நான் அசையவில்லை. கடைசியில் தேநீரையும் விட்டுக்கொடுத்தேன். ஆசீர்வாதத்துக்குப் பிறகு, தேநீருக்கு முன்: இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்த நல்ல விலை. ஓட்டோ வாசலிலேயே நின்றது. ஐம்பது நிமிடத்தில் புறப்பட்டது.

நோய் என்று எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் எழுத விரும்புவதாகப் பாஸ்டர் சொன்னார். நன்றி. ஆனால் என் அப்பா போனதும் அப்படித்தான். ஒரு பெண் விலை குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கையில் வாய் கோணி, தலை சாய்ந்தார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துச் சீலையை மடிக்கச் சொன்னாள். கொஞ்சம் முந்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். மாமியின் கை இறங்கும்போதே எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று மாமி பேசியது அந்நியபாஷை இல்லை. தமிழ். "கையத் தூக்க ஏலாமக் கிடக்கு மனே. ஆசுபத்திரிக்குக் கொண்டு போ" என்று மூன்று தரம் சொன்னா. ஐந்து வருடத்தில் அவ பேசியதில் எனக்கு விளங்கியது அந்த ஒன்றுதான். அந்த வரம் எனக்கு உண்மையிலேயே இருந்த நாள் அது.

அவ உயிரோடு இருக்கிறா. சக்கர நாற்காலியில் வாறா. "ந்தா, ந்தா" என்ற ஒரே சத்தம்தான் இப்போது வருகிறது. சொல்லும்போதெல்லாம் இடது கையை என் பக்கம் நீட்டுவா. மகனைக் கண்ட சந்தோஷம் என்று சபைக்குச் சொல்லியிருக்கிறேன். ஆறுதலடைந்தார்கள். கம்சாயினி உங்களுக்கு முறைப்பாடு எழுதிவிட்டு வருவதை நிறுத்திவிட்டாள். படிவத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

வரும் ஞாயிறு மாமியிடமே நேரில் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதாக அறிவித்திருக்கிறீர்கள். நியாயமான முடிவு, ஐயா. அவ சொல்வதை உங்களுக்கு விளக்க ஒரு ஆள் வேண்டும். நான் வாறேன்.