தோசையாய்ப் போன ஆராய்ச்சியும் துணையாய் நின்ற கமலாக்ஷி அம்மையாரும்

காயலோரத்துக் கற்பகமே! கந்தக அமிலத்துக்கும் கலங்காத, கமிட்டிக்காரர்களுக்கும் கலங்காத காரிகையே! கீழ்த்தளத்து மிளகுக் கிடங்கின் தூசியில் நாங்களெல்லாம் தும்மித் துவண்டபோதும், துளியும் தும்மாமல் முதுகு நிமிர்த்தி நின்ற மூத்த விஞ்ஞானியே! மட்டாஞ்சேரி உணவுப்பொருள் ஆய்வுக்கூடத்தின் நுண்ணுயிர்ப் பிரிவுத் தலைவர் திருமதி கமலாக்ஷி விஸ்வேஸ்வரன் அவர்களே! பணி நிறைவு பெறும் தங்கள் பாதம் நோக்கி எங்கள் பணிவான வணக்கம்.

இம்மடல் செந்தமிழில்தான் இருக்க வேண்டும் என்று தாங்களே கட்டளை போட்டுவிட்டீர்கள். பாராட்டு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டப்படுபவரே உத்தரவு போடுவது தங்களுக்கு மட்டுமே சாத்தியம். எங்களில் பாதிப்பேருக்கு மலையாளம்தான் எழுத வரும் என்பதால், சொன்னவர் பலராகவும் எழுதியவர் ஒருவராகவும் இதை ஒப்பேற்றியிருக்கிறோம். பிழைகளுக்கு அவர் பொறுப்பு, புகழுக்கு நாங்கள் அனைவரும் பொறுப்பு.

வைப்பின் தீவிலிருந்து படகேறி வரும் பெண்கள் கடைசிப் படகைத் தவறவிடக் கூடாதென்று, கருத்தரங்கக் கூடத்துக் கடிகாரத்தை வேகமாக ஓடவிட்ட வித்தகரே! இயக்குநரே தம் கைக்கடிகாரம் பழுதென்று எறணாகுளத்துப் பிராட்வே கடைத்தெருவில் கொடுத்துப் பழுதுபார்த்த கதையை நாடறியும். ஆங்கிலத்துக்கு அஞ்சி வாய் திறக்காத பிள்ளைகளிடம், "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு எந்த பாஷை ஆனா என்ன? வாயைத் தொறந்து சொல்லு!" என்று அதட்டினீர்கள். அந்த அதட்டலுக்குப் பயந்தே பலர் அறிஞர்களானார்கள்.

ஆயினும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் உப்பில்லாப் பண்டமாகிவிடும். தாங்கள் கண்ணால் ஜாடை காட்டித் தடுத்தாலும் வாசிப்பவர் நிறுத்தப் போவதில்லை.

பேச்சி அப்போது ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஓராண்டு நிரம்பாதவர். தந்தை முப்பிடாதி தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, இதே பஜார் ரோட்டில் மூட்டை சுமந்தவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் பேச்சிதான். அதனாலோ என்னவோ, ஆய்வுக்கூடப் படியேறும்போதெல்லாம் "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்றே அவருக்குத் தோன்றும். கேட்கும் முன்பே எழுந்து போய்விடத் தோதாக, நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

வெற்றிலையைப் போட்டு வைத்தால் இட்லி மாவு சீக்கிரம் புளிக்காது என்று ஊரே சொல்லும். அது மெய்தானா, மெய்யென்றால் ஏன் என்று கேட்டதுதான் பேச்சியின் ஆராய்ச்சி. மூவர் குழு வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் உதவித்தொகை தொடரும். இல்லையென்றால் படிப்புக்கு முழுக்கு, சித்திரையில் தென்காசி மாப்பிள்ளையோடு கல்யாணம். மாப்பிள்ளை தங்கமானவர் என்றுதான் கேள்வி. ஆனால் பேச்சிக்கு மாவுதான் வேண்டியிருந்தது.

நம் ஆய்வுக்கூடத்தில் அக்காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஆண்டு கண்ணாடிப் பாத்திரம் கொடுக்க மாட்டோம், உடைத்துவிடுவார்களாம். யார் போட்ட சட்டமோ தெரியாது, எல்லோரும் கோயில் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தோம். பேச்சி வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்குகளைக் கொண்டுவந்து சோதனை நடத்தினார். ஆனால் கண்ணாடியில் இருந்தால் ஆராய்ச்சி, எவர்சில்வரில் இருந்தால் பலகாரம் என்பதல்லவா நமக்கெல்லாம் அத்துப்படி!

குழு வரும் நாளும் வந்தது. எறணாகுளத்திலிருந்து விடியற்காலைப் படகேறி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூவரும் வந்து நின்றார்கள். வந்தவர்களைப் பட்டினி போட்டால் தங்கள் பாலக்காட்டுக் குடும்பத்துக்கு அடுக்குமா? வீட்டிலிருந்து தாங்கள் கொண்டுவந்த மாவுத் தூக்கு மேசைமேல் இருந்தது. குழுவுக்குக் காட்டவென்று பேச்சி எடுத்து வைத்த தூக்கும் அதன் பக்கத்திலேயே இருந்தது. கை நீண்டது, தூக்கு மாறியது. சற்றைக்கெல்லாம் ஆய்வுக்கூட அடுப்பில் எழுந்த தோசை வாசனை மிளகு நெடியையே விரட்டிவிட்டது. குழுத் தலைவர் ராமபத்ரன் கூச்சப்படாமல் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

பேச்சி உள்ளே வந்தபோது தம் தூக்கு கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. பக்கத்திலேயே தோசைத் திருப்பி. அவருக்குக் கண்ணில் நீர் வரவில்லை, தென்காசிதான் வந்தது.

கை துடைத்துக்கொண்டு கூட்டத்தில் அமர்ந்த ராமபத்ரன் ஏப்பத்தோடு தொடங்கினார். "மாவு புளிக்காம இருக்கறதுக்கு ஒரு ஆராய்ச்சி என்னத்துக்காக்கும்? சரி, சாம்பிள் எவிடே?"

பேச்சி கவிழ்ந்து கிடந்த தம் தூக்கைப் பார்த்தார். தாங்கள் எழுந்து போய் மேசைமேலிருந்த தங்கள் தூக்கைத் திறந்து பார்த்தீர்கள். மாவு நிறைய இருந்தது. ஒரு கணம் தங்கள் முகம் வெளிறியதை நாங்கள் கண்டோம். மறுகணம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினீர்கள்.

"சாம்பிளா? இப்போ சாப்ட்டேளே, அதாக்கும்."

மூன்று கைகள் மூன்று வயிறுகளுக்குப் போயின.

"எப்போ அரைச்ச மாவு?" என்றார் ராமபத்ரன், குரல் இறங்கி.

"மூணு நாளாச்சு சார்" என்றார் பேச்சி. "வெளியிலதான் வச்சிருந்தேன்."

"புளிச்சுதோ?" என்று கேட்டீர்கள் தாங்கள். கேட்டு வாங்கித் தின்றவர் என்ன சொல்வார்? பேச்சி மெல்லப் போய், ஒப்பிட்டுப் பார்க்கவென்று வெற்றிலை போடாமல் சன்னலோரம் வைத்திருந்த தூக்கைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். புளித்த நெடியில் குழு நாற்காலிகளோடு பின்வாங்கியது.

அப்போதுதான் தாங்கள் சொன்னீர்கள்: "எடுத்தது என் தப்பு. கண்ணாடியில இருந்திருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். இவளுக்குக் கண்ணாடி கொடுக்காதது நம்ம எல்லாரோட தப்பு. மிச்சத்தை நீயே சொல்லு, பேச்சி."

பேச்சி சொன்னார். தென்காசித் தமிழும் கொச்சி மலையாளமும் நடுநடுவே ஆங்கிலமும் கலந்து, குழு போதும் போதும் என்னும்வரை சொன்னார். "ஏன் புளிக்கலைன்னு இன்னும் முழுசாத் தெரியாது சார். அதைக் கண்டுபிடிக்கத்தான் காலம் கேக்கேன்" என்று முடித்தார். குழு காலம் கொடுத்தது. அடுத்த முறை குழுவினருக்குப் பலகாரம் வெளியிலிருந்து வரவழைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. மறுவாரமே புதியவர்களுக்கே முதலில் கண்ணாடி என்று தாங்கள் விதியை மாற்றினீர்கள். உடைந்தவை உடைந்தன, உலகம் உடையவில்லை.

அன்னையே! நோய்நொடி அண்டாமல், நூறு பிராயம் தாண்டியும் அதட்டும் குரல் தேயாமல், பேரன் பேத்திகளோடு பெருவாழ்வு வாழ்க! கமிட்டி எதிலும் தலைவராகாமல் நிம்மதியாகவும் வாழ்க!

நிறைவாக ஒன்று. இம்மடலின் முதல் படியில், "தாங்கள் இல்லையேல் பேச்சி ஏது! பேச்சி இல்லையேல் இப்பேச்சு ஏது!" என்று எழுதி எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். நாளை முதல் தங்கள் நாற்காலியில் அமரப்போகும் முனைவர் பேச்சி அதை வாசித்தார். பேனாவை எடுத்து, ஒரே கோடாக அடித்தார்.

"மேடம் இல்லாட்டாலும் நான் படிச்சிருப்பேன்" என்றார். நாங்கள் திகைத்துப் போனோம்.

"ஆனா ஒத்தையில படிச்சிருப்பேன்" என்றார்.

இதற்கு மேல் செந்தமிழில் எங்களுக்குச் சொல் கிடைக்கவில்லை, அம்மா.

மட்டாஞ்சேரி
31 மே 1987

இப்படிக்கு,
நாளைக் காலை அதட்ட ஆளில்லாமல் விழிக்கப்போகும்
ஆய்வுக்கூட ஊழியர்கள்