நடுங்காத கை

நாற்பத்தெட்டு வயதாகியும் நான் இன்னும் கண்ணாடி போடவில்லை. அலுவலகத்தில் இதை வைத்துக் கேலி செய்வார்கள். "உரைகல் அண்ணனோட கண்ணுக்கு மட்டும் வயசே ஆகாது" என்பார்கள். உரைகல் என்பது அவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர். செய்தி நிறுவனத்தில் என் வேலையும் அதுதான். ஊரெல்லாம் பரவுகிற வீடியோக்களைப் பார்த்து நிஜமா, போலியா என்று சொல்ல வேண்டும். நிஜம் என்றால் பச்சை முத்திரை, போலி என்றால் சிவப்பு.

விமானம் தட்டுத்தடுமாறித் தரையிறங்கும் வீடியோ எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். அவற்றில் பாதிக்கு மேல் கணினி விளையாட்டிலிருந்து எடுத்தவை. ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள், பத்துப் பேருக்கு அனுப்புவார்கள். எனக்கு அரை நிமிடம் போதும். விளையாட்டில் ஓடுபாதை துடைத்து வைத்ததுபோல் இருக்கும். தீயணைப்பு வண்டிகள் அளந்து வைத்த இடைவெளியில் ஓடிவரும். சக்கரம் தரையைத் தொடும்போது கிளம்பும் புகை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும்.

இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நானாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. கை நடுக்கம். கண்ணெதிரே ஒரு விமானம் சாய்ந்துகொண்டு இறங்குவதைப் படம் எடுப்பவனின் கை நடுங்காமல் இருக்காது. படம் ஆடாமல் அசையாமல் இருந்தால் அது போலி. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். ஒன்பது வருடங்களில் என் முத்திரை ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

நீங்கள் கேட்கும் வீடியோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. முப்பத்தெட்டு விநாடி. இரண்டு விசிறி வைத்த சிறிய விமானம் ஒன்று, இடது சக்கரம் பாதி இறங்கிக் கோணலாகத் தொங்க, வலது சக்கரத்தை மட்டும் ஊன்றி இறங்குகிறது. பதினொரு விநாடி ஒற்றைச் சக்கரத்தில் ஓடுகிறது. சக்கரக் கதவு தரையில் உரசித் தீப்பொறி பறக்கிறது. கடைசியில் இடது சக்கரம் சட்டென்று கீழே விழுந்து பூட்டிக்கொள்ள, விமானம் ஒரு குலுக்கலோடு நிற்கிறது. யாரோ அதன்மேல் பாட்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதனால் சத்தத்தை வைத்து எதையும் சோதிக்க முடியவில்லை. பராமரிப்பு முடிந்து பயணிகள் இல்லாமல் வந்த விமானம் அது, இரண்டு விமானிகள் மட்டும்தான் உள்ளே. அப்படி எதுவும் நடக்கவில்லை, டயரில் காற்று இறங்கியது, அவ்வளவுதான் என்று விமான நிறுவனம் சொன்னது.

படம் கல்லில் அடித்ததுபோல் நின்றது. சிவப்பு போட்டேன். நான்கு நிமிடம் ஆயிற்று.

உங்கள் விமானப் பாதுகாப்புத் துறையில் அதற்குள் ஒரு கோப்பு திறந்திருந்தார்கள். உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்தான் திறந்தவர். என் முத்திரையின் நகலை வைத்து அதை மூடிவிட்டார். சோதனை எதுவும் இல்லாமல் விமானம் மறுநாளே பயணிகளோடு கிளம்பியது. இதுவரை நடந்தது தவறு. யாருக்கும் நடக்கக்கூடியது.

ஆறாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். விமான மெக்கானிக். ஐம்பது வயது இருக்கும். நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தது. நீலச் சட்டையில், பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. போலி வீடியோ பரப்பியதாக அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், கை நடுங்கலன்னு எழுதியிருக்கீங்க. எப்படிங்க சார் நடுங்கும்? போனை வேலிக் கம்பியில வெச்சு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிட்டு நின்னுட்டிருந்தேன்."

"எதுக்காக?"

"இடது சக்கரம் இறங்காதுன்னு எனக்குத் தெரியும் சார். மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்கு. சரி, படமா எடுத்தாலாவது நம்புவாங்கன்னு பாத்தேன்."

போனை மேசையில் வைத்து மூல வீடியோவைப் போட்டுக் காட்டினார். பாட்டு இல்லை. படத்தின் ஓரத்தில் வேலிக் கம்பி தெரிந்தது. பரவிய படத்தில் அதை யாரோ வெட்டியிருந்தார்கள். சக்கரம் தரையில் பட்டுப் புகை எழுந்து ஒன்றரை விநாடி கழித்து, கிறீச்சென்ற சத்தம் வந்து சேர்ந்தது. வேலிக்கும் ஓடுபாதைக்கும் அரை கிலோமீட்டர். சத்தம் அவ்வளவு தூரம் வர அவ்வளவு நேரம்தான் ஆகும். இதைப் பொய்யாக உண்டாக்க நினைக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டாவது தடவை ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை.

"வேற காப்பி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அனுப்பினா தரம் குறைஞ்சிடும், மூலத்தைக் கையோட கொண்டு வாங்கன்னு உங்க தளத்துல போட்டிருந்துச்சு. அதான் பஸ் ஏறி வந்துட்டேன்."

அந்த அறிவுரையை எழுதியவன் நான்தான்.

போனை ஒரு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். எழுந்து கும்பிட்டார். "அந்த வண்டி தினமும் ரெண்டு தடவை போயிட்டு வருது சார். கொஞ்சம் சீக்கிரமாப் பாருங்க" என்றார். விமானத்தை அவர் வண்டி என்றுதான் சொன்னார்.

அவர் போனபின் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் பெரிய போராட்டம் நடந்ததாக உங்களிடம் சொன்னால் அது பொய். எதுவும் நடக்கவில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. திருத்தம் என்ற பக்கத்தைத் திறந்தேன். அதில் என் பெயர் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். மூடினேன். பிறகு மேசையில் இருந்த அவர் போனை எடுத்து வீடியோவை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆம் என்றேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கவா என்று மறுபடி கேட்டது. அதற்கும் ஆம் என்றேன். மணி மூன்று பத்து.

மறுநாள் காலை அவர் வந்தார். கோப்பு பழுதாகியிருந்தது, திறக்க முடியவில்லை என்று மரியாதையாகச் சொன்னேன். காப்பி வாங்கிக்கொடுத்தேன். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து ஓடுச்சே சார். நீங்களும்தானே பாத்தீங்க?"

"எனக்கு அதுல சந்தேகம் இருந்துச்சு."

அவர் கோபப்படவில்லை. காப்பியைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பன்னிரண்டாம் நாள் அந்த விமானத்தின் இடது சக்கரம் இறங்கவே இல்லை. உள்ளே நாற்பத்து மூன்று பேர். பத்தொன்பது பேர் இறந்தார்கள். காத்திருப்புக் கூடத்தின் கண்ணாடி வழியாக யாரோ எடுத்த வீடியோ கால் மணி நேரத்தில் என் மேசைக்கு வந்தது. கை நன்றாக நடுங்கியிருந்தது. பச்சை போட்டேன். நாட்டிலேயே முதலில் உறுதி செய்தது நாம்தான் என்று ஆசிரியர் என் தோளில் தட்டினார். நான் கை கழுவிவிட்டு வந்து அடுத்த வீடியோவைப் பார்த்தேன். ஆற்றில் முதலை இருப்பதாக ஒன்று. போலி.

பிறகு மெக்கானிக்கைப் பிடித்தார்கள். இடது சக்கரம் இறங்காததுபோல் போலி வீடியோ செய்தவன்தான், அதை நிஜமாக்க விமானத்தில் கை வைத்திருக்கிறான் என்றது நிறுவனம். சாட்சிக்கு என் சிவப்பு முத்திரையைக் காட்டினார்கள். பழியை அவர் தலையில் கட்ட அது ஒன்றே போதுமானதாக இருந்தது. ஐந்து வாரமாக உள்ளே இருக்கிறார்.

அவர் போனிலிருந்து அழிந்த வீடியோவை உங்கள் ஆய்வுக்கூடம் மீட்டிருக்கிறது. நிஜமா, போலியா என்று கேட்டு எங்கள் அலுவலகத்துக்கே அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். நிஜம். கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அழித்த நேரத்தையும் கூடவே குறித்திருக்கிறேன். அந்த நேரத்தில் போன் யாரிடம் இருந்தது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் இதை என் நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். விமானம் விழும் என்று நான் நினைக்கவில்லை. வீடியோவைப் பற்றிச் சொல்வதுதான் என் வேலை. சக்கரத்தைப் பார்க்க அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.  நீங்கள் பதிலுக்குக் கோப்பின் கடைசித் தாளை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள்.

அது என் அக்காவின் பயணச்சீட்டு. விபத்து நடந்த அதே நாள், அதே விமானம். அவள் மகளுக்குப் பிரசவ நேரம், கூட இருக்கக் கிளம்பினாள். சீட்டை ரத்து செய்தது என் அலுவலகக் கணினியிலிருந்து. நேரம் மூன்று இருபத்தைந்து. வீடியோவை அழித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

முதலில் அவளுக்குப் போன் செய்தேன். "அக்கா, நீ ரயில்லயே போ" என்றேன்.

"ஏன்டா? எனக்கு முட்டி வலி. பத்து மணி நேரம் உட்கார முடியுமா?"

"அந்த விமானம் வேணாம். சொன்னாக் கேளு."

"உனக்கு எதுலயும் நொட்டை சொல்லணும்" என்று திட்டிக்கொண்டே ரயிலில் போனாள். குழந்தை பிறப்பதற்கு முன்பே மகளிடம் போய்விட்டாள். அவள் விட்ட இருக்கை காலியாகப் போகவில்லை. காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியைக்குப் போனது. இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தேன். அக்காவும் பார்த்திருக்கிறாள்.

விபத்து நடந்த மாலை அக்கா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. "வீடியோவைப் பாத்தேன்க்கா. நிஜம்" என்றேன்.

 பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நேரில் போனேன், அக்கா மகள் கதவைப் பாதி திறந்து, அம்மா தூங்குகிறாள் என்றாள். என்மேல் அக்காவுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. நான் எச்சரிக்காமல் இருந்திருந்தால் அவள் இன்று இருந்திருக்கவே மாட்டாள்.