காற்றுப் பைக்குக் கயிறு

— அவுத்துட்டீங்களா? இப்பதானே அந்தப் பக்கம் கட்டி முடிச்சேன்.

— தளர்வா இருந்துச்சு. நான் சொல்றத கேளு. கவுந்தாலும் தண்ணி ரொம்பாம எடத்த அடைக்கற காத்துப் பை, படகுக்குள்ள கெடந்து ஆடுச்சுன்னா, அதைக் கட்டினதும் ஒண்ணுதான், கட்டாததும் ஒண்ணுதான். நீ சொல்லிக் குடுத்ததுதானே இது.

— ஆடலைங்க. கையால குத்திப் பாத்துட்டுதான் முன்பக்கத்துக்குப் போனேன். பஸ்ஸுக்கு நட்டு முறுக்குற கைக்கு உலகத்துல எல்லாமே தளர்வாத்தான் தெரியும். கயித்தக் குடுங்க.

— இரு, நானே கோக்கறேன். இந்த ஓரத்து ஓட்டையில விட்டு, எதிர் ஓரத்துல எடுத்து, மறுபடி இந்தப் பக்கம். ஷூவுக்கு லேஸ் மாட்டற மாதிரி. சரிதானே?

— சரிதான். கொஞ்சம் வேகமா.

— வேகமா, வேகமா. உன் தம்பியும் இப்படித்தான். அந்தப் பொறுமை இல்லாமத்தானே குறுக்க கயிறே கோக்காம கெளம்பினான். வளையத்துல ஒரு முடிச்சு, மேல ஒரு பெல்ட்டு, போதும் மாமான்னான். படகு கவுந்ததும் பை பிதுங்கிக்கிட்டு வெளிய வந்துடுச்சு. பை இருந்த எடம் பூரா தண்ணி. அவ்ளோ தண்ணியச் சொமந்து பாறையில மாட்டிக்கிட்ட படகை எவன் திருப்புவான்?

— படகை வெட்டி எடுத்தப்ப நானும் அங்கதானே நின்னேன். படகு கெடச்சுது, அவன் கெடைக்கல. அதையே எத்தன தடவ சொல்வீங்க.

— திட்டறதுக்குச் சொல்லலம்மா.

— தெரியும். பேச்ச விடுங்க, கையப் பாருங்க. அந்த முனைய நீளமா விடாதீங்க, உள்ள சொருகுங்க. கவுந்தா அதுல கால் மாட்டிக்கும்.

— சொருகிட்டேன். பை இன்னும் கல்லு மாதிரி ஆகணுமா? ஊதட்டுமா?

— வேண்டாம். இந்த ஷெட்டு தகரம் கொதிக்குது, அதனால இங்க கல்லு மாதிரிதான் இருக்கும். ஐஸ் உருகி வர்ற தண்ணியில எறக்கினதும் சுருங்கிடும். கரையில வச்சு மறுபடி ஊதணும்.

— அப்ப ஒண்ணு பண்ணலாம். எல்லாத்தையும் அவுத்துட்டு, நிதானமா நாளைக்குக் கரையில போய்க் கட்டுவோம்.

— இங்க கட்டிட்டு, அங்க ஊதினாப் போதும். எப்பவும் அப்படித்தான். உங்களுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?

— எனக்கு என்ன ஆகும். வாளித் தண்ணியப் பாத்தாலே ஒதுங்கற ஆளு நான். பொண்டாட்டி ஆத்துல தனியா எறங்கறேன்னா சும்மா இருக்க முடியுமா?

— சுத்திப் பாக்க வர்றவங்கள ஆத்துல கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றதுதானே எனக்கு வேலை. இன்னிக்குப் புதுசா?

— அப்பல்லாம் பின்னாடி இன்னொரு படகு வரும். தண்ணியும் இப்படி இருக்காது. தேடறவங்களே கயிறு, மோட்டாரு எல்லாம் வச்சுக்கிட்டு தண்ணி கொட்டற அந்தப் பெரிய எறக்கத்தோட திரும்பிட்டாங்க.

— அவங்க படகு அகலம். அதுக்குக் கீழ மலை ரெண்டு பக்கமும் நெருங்கி வருது, அங்க நுழையாது. இது நுழையும். அங்க காலால போக வழியே கெடையாதுங்க. ஆத்து வழியாத்தான் போகணும், ஆத்து வழியாத்தான் வரணும்.

— போய்?

— போய் அவனக் கூட்டிட்டு வருவேன்.

— நான் சொல்றத கேளு...

— அவன விட்டுட்டு என்னால இந்த வீட்டுல ஒரு வாய் சோறு திங்க முடியாது. அவ்ளோதான்.

— எனக்கு மட்டும் எறங்குதா? அவன் ஸ்கூல் பையத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தப்ப என் இடுப்பு ஒசரம்கூட இல்ல. பல்லு வெளக்கலன்னு நான் அடிச்சிருக்கேன். எனக்குப் புள்ள மாதிரிதான் அவன். உன் தம்பின்னு நீ சொந்தம் கொண்டாடறப்ப சில நேரம் எனக்குக் கோவமே வரும்.

— தெரியும். அழாதீங்க. கயிறு நழுவுது பாருங்க.

— அழலை. பிஸ்கட்டு, போர்வையெல்லாம் எடுத்துக்கிட்டியா?

— போர்வை எடுத்துக்கிட்டேன். பிஸ்கட்டு வேண்டாம்.

— உனக்காவது எடுத்துக்கயேன். காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல.

— அப்புறம் பாத்துக்கலாம். பெல்ட்ட நீளவாக்குல போட்டு இழுங்க. நல்லா. இப்ப வளையத்துல முடிச்சு. ம், முடிஞ்சுது. படகு தூக்க ஒரு கை புடிங்க.

— இந்த முடிச்சு சரியில்ல.

— நல்லாத்தான் இருக்கு.

— இல்ல, ஒரு நிமிஷம். நான் மறுபடி...

— மறுபடியும் அவுக்கறீங்க. என்னப் போகவிடக்கூடாதுன்னுதானே இவ்ளோ நேரமா கட்டறதும் அவுக்கறதுமா இருக்கீங்க?

— ஆமா.

— ஏன்?

— கொஞ்சம் உக்காரு.

— நின்னுக்கிட்டே கேக்கறேன்.

— மதியம் கயிறு வாங்கக் கடைக்குப் போனேன்ல, அப்ப தேடற டீம் தலைவர் போன் பண்ணாரு. மேலேர்ந்து பறக்கற கேமராவ விட்டுப் பாத்திருக்காங்க. நீ சொல்ற அந்த எடத்துலதான், ரெண்டு பாறைக்கு நடுவுல... நம்ம புள்ள கெடக்கறாம்மா. போயிட்டான். அவன் உசுரோட இருக்கான்னு நம்பிக்கிட்டு நீ எறங்கப் போற. இத எந்த வாயால உங்கிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் கயித்த அவுத்துக்கிட்டே இருந்தேன்.

— எனக்குக் காலையிலயே போன் பண்ணிட்டாருங்க. தண்ணி வடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்னாரு. அதுவரைக்கும் என் தம்பி அங்கயே கெடக்கணுமா? நானே போய்க் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டேன். அவன் உசுரோட இருக்கான்னு நீங்க நெனச்சாத்தானே எனக்குப் படகு கட்டித் தருவீங்க, அதான் நான் வாயத் தொறக்கல.